‘மாணவர்கள் வீடியோ எடுத்துத் தருவார்கள்’ என்று கடைக்கு வருபவர்களிடம் ஜாக்கிரதை: 36,000 ரூபாய் போனது

ஆற்காடு, இராணிப்பேட்டை, வாலாஜா, வேலூர் பக்கம் சிறு கடை நடத்துகிறவர்கள் கவனத்துக்கு. தீபாவளி நெருங்குவதால் இந்த ஆட்கள் மறுபடியும் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். நேற்று எங்கள் தெரு ஜவுளிக் கடையிலேயே அதே ஃபைலை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்களாம். கேட்டதிலிருந்து வயிறு எரிகிறது. என்னிடம் 36,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். முப்பத்தாறாயிரம்! எங்களிடம் டப்பா கட்டும் பெண்ணுக்கு அது மூன்று மாதச் சம்பளம்.

பெயரைப் போட வேண்டாம் என்கிறார் வக்கீல். வகையைச் சொல்கிறேன், புரிந்துகொள்ளுங்கள். வேலூரில் ஒரு மாடியில் இரண்டு அறை எடுத்து ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ பயிற்சி கொடுக்கும் இடம். அங்கே இன்டர்ன்ஷிப்புக்கு வரும் கல்லூரி மாணவர்களைக் கொண்டு சிறு கடைகளுக்கு விளம்பர வீடியோ எடுத்துத் தருவதாகச் சொல்லி நம்மிடம் பணம் வாங்குகிறார்கள்.

எங்களுடையது மாமனார் காலத்து மக்கன் பேடா கடை. கோவாவும் மைதாவும் பிசைந்து, நடுவில் முந்திரி, பாதாம், சாரப்பருப்பு, உலர்ந்த திராட்சை வைத்து உருட்டி, நிதானமான சூட்டில் பொரித்துப் பாகில் ஊறவிட வேண்டும். நவாப் காலத்துப் பலகாரம் என்று ஊரே சொல்லும். வெளியூர்க்காரர்கள் குலாப் ஜாமூன் என்று நினைத்து வாயில் போட்டு, உள்ளே பருப்பு கடிபட்டதும் ஒரு முறை விழிப்பார்கள். அந்த முகத்தை வீடியோவில் பிடித்தாலே போதும், வேறு விளம்பரம் வேண்டாம் என்பது என் எண்ணம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. அதில் போகிறவர்களில் சிலர் ஊருக்குள் வண்டியைத் திருப்பினாலும் எங்களுக்கு லாபம்தானே.

ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் வந்தார். கூடவே ஒரு பெண், ஒரு பையன். இருவர் கழுத்திலும் கல்லூரி அடையாள அட்டை. பணத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ‘முதலில் சாப்பிட்டுப் பாருங்கள், ருசி தெரியாமல் எதை எடுப்பீர்கள்?’ என்று பிள்ளைகளிடம் சொன்னார். ஒரு வாய் சாப்பிட்டதும் அந்தப் பெண், ‘அக்கா, எங்கள் பாட்டி ஊர் கலவை. ஆற்காட்டுக்கு வந்தால் இதை வாங்காமல் திரும்ப மாட்டார்கள்’ என்றாள். உள்ளே படுத்திருந்த அத்தை எழுந்து வந்து எந்தத் தெரு, யார் வீடு என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். கலவையில் அத்தைக்குத் தெரியாத வீடு கிடையாது. அதற்குப் பிறகு அங்கே வியாபாரப் பேச்சா நடக்கும்?

அந்த ஆள் இதையெல்லாம் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அந்தப் பெண்ணின் கையில் இன்னொரு பேடாவை வைத்த நேரம் பார்த்துத்தான் பேச்சை எடுத்தார். ‘மேடம், பெரிய ஏஜென்சிக்குப் போனால் லட்சம் கேட்பார்கள். இங்கே நீங்கள் கொடுப்பது இந்தப் பிள்ளைகளின் உதவித்தொகைக்குத்தான் போகிறது. கூட இருந்து வேலை வாங்க அனுபவமுள்ள எடிட்டர் இருக்கிறார்.’ மூன்று மாதம், 24 வீடியோ. கட்டணம் 30,000, இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 6,000. நின்ற இடத்திலேயே ஜிபேயில் 36,000 அனுப்பினேன். ரசீது மெயிலில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

24 வீடியோவில் வந்தது ஐந்து. அந்த ஐந்தின் லட்சணத்தைக் கேளுங்கள். முதலாவது ஊர்ப் பெருமை. ‘எங்கள் ஆற்காடு’ என்று குரல் முழங்குகிறது, திரையில் அகழியோடு வேலூர்க் கோட்டை! 1751-இல் ராபர்ட் கிளைவ் உள்ளே இருந்துகொண்டு முற்றுகையைத் தாக்குப்பிடித்த ஆற்காட்டுக் கோட்டை என்றோ போய்விட்டது, டெல்லி கேட் மட்டும் மிச்சம் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்கூட்டரில் போய் அதை எடுத்துவர முடியாதா? இரண்டாவதில் பேடா என்று காட்டியது இணையத்தில் எடுத்த குலாப் ஜாமூன் காட்சி. பின்னணியில் அனுமதியில்லாத சினிமாப் பாட்டு. இன்ஸ்டாகிராம் ஒலியை முடக்கிவிட்டது, வீடியோ ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ‘சர்க்கரை சேர்க்காதது. 15 நாள் கெடாது. இந்தியா முழுவதும் கூரியர்.’ பாகில் ஊறிய பண்டத்துக்கு! நாலைந்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள் என்று நாங்களே சொல்லித்தான் டப்பாவைக் கொடுக்கிறோம். அப்பாவை வேலூருக்குச் சிகிச்சைக்கு அழைத்து வந்த ஒருவர், அந்த வீடியோவை நம்பி ஆற்காடு வரை வந்து, ‘சர்க்கரை வியாதிக்காரர் சாப்பிடலாம் அல்லவா?’ என்று கேட்டார். கூடாது என்று நான் சொன்னதும் என்னை மோசக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார். உணவு பற்றித் தவறான விளம்பரம் கொடுத்தால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. போர்டிலும் டப்பாவிலும் இருப்பது எங்கள் பெயர். அபராதம் வந்தால் அந்த மாடிக்காரரா கட்டுவார்?

பின்தொடர்பவர்கள் மட்டும் மளமளவென்று ஏறினார்கள். பெயர்களைப் பார்த்தால் எந்த நாடு என்றே தெரியவில்லை. ஆற்காட்டுக்கு வந்து கால் கிலோ வாங்கப்போகிறவர் அதில் ஒருவரும் இல்லை. விளம்பரத்தை இராணிப்பேட்டை, வேலூர் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் காட்டும்படி அமைக்கலாம், செலவுக்கு ரசீதும் வரும். அந்த 6,000 ரூபாய்க்கான ரசீதைத்தான் கேட்டேன். அன்றிலிருந்து தொடங்கின சாக்குகள்.

பிள்ளைகளுக்கு செமஸ்டர் தேர்வு. எடிட்டருக்குக் காய்ச்சல். ‘அல்காரிதம் மாறிவிட்டது மேடம், எல்லாருக்குமே இப்படித்தான்.’ பிறகு நீல டிக் விழும், பதில் வராது. பிறகு, ‘நான் இப்போது அந்தப் பொறுப்பில் இல்லை.’ வேறு எண்ணில் வேறு குரல்: ‘உங்கள் பெயரில் எங்களிடம் பதிவே இல்லையே.’ வீட்டுக்காரரும் நானும் நேரில் போனோம். புதிதாக ஒரு பையன், மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, ‘இன்டர்ன் செய்த வேலைக்கு நிறுவனம் பொறுப்பாகாது’ என்றான். பணம் வாங்கியது இன்டர்னா? சரி, அந்தச் சர்க்கரை வீடியோவையாவது நீக்குங்கள், இன்ஸ்டாகிராம் கணக்கை எங்களிடம் ஒப்படையுங்கள் என்றோம். கணக்கு அவர்கள் மெயிலில் திறந்ததாம், மாற்றித் தர 5,000 ஆகுமாம்! வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாதவர். அன்று அவர் போட்ட சத்தத்தில் கீழ்க் கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

கலவைப் பெண்ணே ஒரு நாள் போன் செய்தாள். உதவித்தொகை என்று ஒரு ரூபாய்கூட அவளுக்குத் தரவில்லை. சான்றிதழுக்காக இவள்தான் அவர்களுக்கு 5,000 கட்டியிருக்கிறாள். கல்லூரியில் இன்டர்ன்ஷிப் கட்டாயம், வேறு வழி? எடிட்டர் என்று யாரும் கிடையாது. இரவு வீட்டில் உட்கார்ந்து தன் செல்போனிலேயே வெட்டி ஒட்டியிருக்கிறாள். சர்க்கரை வாசகம் அவர்கள் எல்லாக் கடைக்கும் அனுப்பும் தயார் வாசகமாம். விடியற்காலையில் எங்கள் சரக்கு மாஸ்டர் பேடாவை வாணலியில் இறக்குவதை அவளாகவே எடுத்திருக்கிறாள். அது ‘டெம்ப்ளேட்டுக்குப் பொருந்தவில்லை’ என்று ஒதுக்கிவிட்டார்களாம். எனக்கு அனுப்பினாள். பேடா மெதுவாகப் புரண்டு நிறம் மாறுவதை அப்படியே பிடித்திருக்கிறாள், குரலும் இல்லை, பாட்டும் இல்லை. 36,000 ரூபாய்க்கு வந்த ஐந்தையும் இதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது. என் கோபம் பிள்ளைகள்மேல் இல்லை. இரண்டு பக்கமும் பணம் வாங்கிக்கொண்டு, நடுவில் ஒரு வேலையும் செய்யாத ஆள்மேல்தான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் சிக்கல் வரலாம், சொந்த உழைப்பில் பிழைப்பவர் என்று வாதாடிப் பார்க்கலாம் என்கிறார் வக்கீல். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் இல்லை என்பதுவரை நல்லது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அடுப்பில் பாகு இருக்கிறது, மாஸ்டர் கூப்பிடுகிறார். அவசரமாக நாலு வார்த்தை. கணக்கை உங்கள் போன் எண்ணிலும் உங்கள் மெயிலிலும் நீங்களே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள், பில் இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம். நீங்கள் படித்துச் சரி சொல்லாமல் எந்த வாசகமும் வெளியே போகக் கூடாது; தின்பண்டக் கடைக்காரர்கள் இதை முக்கியமாகப் பாருங்கள். மாணவர்தான் வேண்டுமென்றால் பக்கத்துக் கல்லூரித் துறைத் தலைவரிடம் நேரே போய்க் கேளுங்கள், காசை அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.

எங்கள் கடைப் பெயரில் அந்தக் கணக்கு இன்னும் ஓடுகிறது. சர்க்கரை இல்லாத மக்கன் பேடா என்று கண்ணில் பட்டால் நம்பாதீர்கள். புகார் பொத்தானை அழுத்துங்கள். அதில் ஆர்டர் என்று பணம் கேட்டால் அனுப்பாதீர்கள், எங்களுக்கு வந்து சேராது. தீபாவளி ஆர்டரைக் கடைக்கு நேரில் வந்தோ டப்பாவில் அச்சிட்டிருக்கும் எண்ணிலோ மட்டும் கொடுங்கள்.