மூணு வருஷம் கல்லூரி, மூணு வருஷம் கம்பெனி, மூணு வருஷம் பட்டறை: என் கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆளாளுக்கு ஒரு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "இந்த ஊர்ல இம்புட்டுப் பெரிய வீடுகளக் கட்டினவுக எல்லாம் காலேஜுக்குப் போயா கட்டினாக?" என்கிறார் பெரியப்பா. அண்ணன் சென்னையிலிருந்து போன் போட்டு, எது படித்தாலும் சரி, கடன் வாங்கி இன்ஜினியரிங் மட்டும் வேண்டாம் என்கிறான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்கா, எங்கள் லைனுக்கு ஆள் எடுக்கிறார்கள், வா என்கிறார். அப்பத்தாவுக்கு ஒரே கேள்விதான்: "படிச்சு முடிச்சு என்னத்தா செய்யப் போற?" அதற்கு எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அதனால் பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டு ஒவ்வொரு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். என்னைப் போல இந்த வருஷம் முடித்தவர்களுக்கும் உதவும் என்றுதான் அதை இங்கே போடுகிறேன்.

என் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு 17 வயது. அப்பா ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் கல் போடுகிறார், அதாவது தரையில் பதிக்கிற டைல்ஸைக் கையால் செய்கிறார். நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. இந்த ஒரு வரியிலேயே நிறைய விஷயம் இருக்கிறது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, சீட் கிடைத்தால் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். உதவி பெறும் பள்ளிக்கு அது கிடையாது. முதல் பட்டதாரிச் சலுகை வீட்டுக்கு ஒருவருக்குத்தான், அதை அண்ணன் வாங்கிவிட்டான். ஆனால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இப்போது உதவி பெறும் தமிழ் வழி மாணவிகளுக்கும் உண்டு. ஆக, கல்லூரி வேண்டுமா வேண்டாமா என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. எந்தக் கல்லூரி, யார் பணத்தில் என்று கேட்டால்தான் கணக்கு நிற்கிறது.

இன்ஜினியரிங்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். என் கட் ஆஃப் 200க்கு 141. கவுன்சலிங்கில் ஏதாவது ஒரு தனியார் கல்லூரியில் ஏதாவது ஒரு பிரிவு கட்டாயம் கிடைக்கும், அதுதான் பயமே. அண்ணன் போனதும் அப்படித்தான். அவனுக்குக் கல்விக் கட்டணத்தில் 25,000 சலுகை போக மீதிப் பணம், ஹாஸ்டல், மெஸ், பரீட்சைக் கட்டணம், ஊருக்கு வந்து போகிற செலவு எல்லாம் சேர்த்து நாலு வருஷத்துக்கு 4 லட்சத்தைத் தாண்டியது. 4 லட்சம் வரை பிணை இல்லாமல் வங்கியில் கடன் கிடைத்தது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம் என்பது பெரிய நிம்மதியாகத் தெரிந்தது, ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது என்பது தவணைச் சீட்டு வந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது அவன் சம்பளம் 18,000. மெக்கானிக்கல் படித்தவன் ஒரு கடன் வசூல் அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தவணையை ஞாபகப்படுத்துகிறான். அவன் மாதத் தவணை ஆறாயிரத்துக்கு மேல், ரூம் வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. அவன் சோம்பேறி இல்லை, அரியர் கூட வைக்கவில்லை. அந்தக் கல்லூரியில் நாலு வருஷமும் ஒரு மெஷினைத் தனியாக இயக்க விட்டதில்லை என்று சொல்கிறான். எனக்குச் சலுகையும் இல்லாமல் 5 லட்சத்துக்கு மேல் ஆகும். நல்ல கட் ஆஃப் இருந்து, காரைக்குடி அழகப்பச் செட்டியார் இன்ஜினியரிங் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரியில் விரும்பிய பிரிவு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். என் மார்க்குக்கு அது இல்லை. அடித்துவிட்டேன்.

அடுத்தது கம்பெனி. இதை நிறையப் பேர் கேவலமாகப் பேசுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. அக்கா பிளஸ் டூ முடித்த மூன்றாம் மாதமே போனார். பிடித்தம் எல்லாம் போகக் கையில் 13,000 வருகிறது, தங்குமிடம், வேன், சாப்பாடு அவர்களே. மாதம் 10,000 வீட்டுக்கு அனுப்புகிறார். அவர் வீட்டில் ஓட்டுக் கூரையை மாற்றி ஷீட் போட்டது, தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தது எல்லாம் அந்தப் பணத்தில்தான். என் நோட்டில் எழுதிய தொகை இது: மாதம் 10,000, மூன்று வருஷத்துக்கு 3,60,000. அரசுக் கல்லூரி கிட்டத்தட்ட இலவசம்தானே என்று சொல்கிறவர்கள் இந்த மூன்று லட்சத்து அறுபதாயிரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நான் கல்லூரிக்குப் போனால் அது எங்கள் வீட்டுக்கு வராமல் போகிற பணம், அம்மாவின் கழுத்துச் செயின் அடகிலிருந்து மீளாமல் இருக்கிற பணம். அதை மறைத்துவிட்டுக் கல்லூரிதான் சிறந்தது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அக்காவிடமே இன்னொன்றும் கேட்டேன், மூணு வருஷம் கழித்து என்ன வேலையில் இருப்பீர்கள் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதே வேலைதான், சின்னத் திருகாணி முடுக்குகிற வேலை, எட்டு மணி நேரம் நின்றபடி, என்றார். லைனைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் எல்லாம் டிப்ளமோ முடித்தவர்களாம், அவர்களில் இரண்டு பேர் அக்காவை விடச் சின்னவர்களாம். கோபமில்லாமல் சொன்னார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது பெரியப்பாவின் வாதம். இதை நான் தட்டிக்கழிக்கவில்லை, ஏனென்றால் பாதி உண்மை. கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி வீடு கட்டிய நகரத்தார் பலர் சின்ன வயதிலேயே வட்டிக்கடையில் எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறியவர்கள். அப்புறம் அடுத்தாள், மேலாள், சொந்தக் கடை என்று ஏறியவர்கள். ஆனால் அவர்கள் படிக்காதவர்கள் என்று எப்படிச் சொல்வது? வட்டிச் சிட்டை என்ற வட்டி வாய்பாட்டை மனப்பாடமாக ஒப்பிக்க வைத்து, கிட்டங்கி என்ற அவர்கள் கடைக் கட்டிடத்தில் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வைத்துப் பேரேடு எழுதப் பழக்கினார்கள். அது ஒரு கல்லூரிதான், ஆனால் உறவுக்குள் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் திறக்கிற கல்லூரி. எங்களுக்கு அந்தக் கிட்டங்கி கிடையாது, எந்த ஊரிலும் எங்கள் பெயரைச் சொன்னால் உட்கார இடம் கொடுக்க ஆள் கிடையாது. இன்னொன்று, 1942ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் அந்த வட்டித் தொழிலின் முதுகே முறிந்தது. ஐந்து வருஷம் கழித்து 1947ல், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கல்லூரிகள் வேண்டும் என்று கேட்க, அதே நகரத்தாரில் ஒருவரான அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் தொடங்குகிறேன் என்று முன்வந்தார். அடுத்து மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். வீடு கட்டியவர்கள் வழி அதுவென்றால், அந்த வழி அடைபட்டதும் இந்த ஊர் திரும்பியது கல்லூரிப் பக்கம்தான். இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "நல்லாப் பேசுற" என்று மட்டும் சொன்னார்.

பட்டறையைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் மூன்றில் எனக்குக் கை பழகியது அதுதான். மேஜையில் கண்ணாடித் தகடு, அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வரைந்த மாதிரி தடுப்புகள் வைத்த அச்சு. சிவப்பு ஒரு கரண்டி, மஞ்சள் ஒரு கரண்டி, பச்சை ஒரு கரண்டி என்று கரைத்த சிமெண்டுச் சாயத்தை ஒவ்வொரு அறைக்குள்ளும் ஊற்றி, அச்சை அப்படியே மேலே தூக்க வேண்டும். அந்தத் தூக்குதலில்தான் எல்லாம் இருக்கிறது. மணிக்கட்டு கொஞ்சம் சாய்ந்தால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும், பூ கலங்கிவிடும். அப்பா தூக்கும்போது ஒரு சொட்டுக் கூட நகராது. பிறகு மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவையை வைத்து அழுத்தி, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் போட்டு வைப்பார்கள். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கண்ணாடியை உரித்தால் முகம் பார்க்கிற பளபளப்பு. எனக்கு இரண்டு வருஷமாகக் கை ஓரளவு நிற்கிறது, பத்துக்கு ஏழு கல் சுத்தமாக வருகிறது.

அப்பாவுக்குக் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மழைக்காலத்தில் வேலை குறையும். ஆர்டர் பட்டறை முதலாளிக்கு வருகிறது, சென்னையிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வீடு கட்டுகிறவர்கள் கேட்கிறார்கள், கடைசி விலைக்கும் அப்பா வாங்கும் கூலிக்கும் ரொம்ப தூரம். சொந்தப் பட்டறை போட முதல் வேண்டும், இடம் வேண்டும். தொழில் செத்துவிடாது, ஆனால் கூலிக்குச் செய்கிறவரை அது நம்மை மேலே தூக்காது. அப்பாவே இதைச் சொல்லித்தான் என்னை வேண்டாம் என்கிறார்.

எனக்கு வேதியியல் மேல் ஆசை வந்ததும் அந்தத் தொட்டியில்தான். கல் காய்ந்து இறுகுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வினை புரிந்து இறுகுகிறது, அதனால்தான் தண்ணீருக்குள்ளேயே கெட்டிப்படுகிறது என்று பதினொன்றாம் வகுப்பில் டீச்சர் சொன்ன அன்று சாயங்காலம் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டே இருந்தேன். போன வருஷம் புதிதாக வாங்கிய ஒரு பச்சைச் சாயம் சில மாதத்தில் வெளுத்துப்போய், ஒரு வீட்டுக்குப் போட்ட கல் முழுக்கத் திரும்பி வந்தது. செங்காவி எத்தனை வருஷமானாலும் நிற்கிறது, இது ஏன் நிற்கவில்லை என்று அப்பா கேட்டார். செங்காவி இரும்பு ஆக்சைடு, சிமெண்டின் காரம் அதை ஒன்றும் செய்யாது. கரிமச் சாயங்களில் சில அந்தக் காரத்தைத் தாங்காது என்று தேடிப் படித்துச் சொன்னேன். எங்கள் பச்சை எந்த வகை என்று எனக்குச் சோதிக்கத் தெரியவில்லை. அப்பத்தா கேட்ட கேள்விக்கு என் பதில் இதற்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது.

சரி, அரசு கலைக் கல்லூரி. அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். கட்டணம் வருஷத்துக்குச் சில ஆயிரம், மாதம் 1,000 உதவித்தொகை அதற்குச் சரியாகப் போகும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்து போய் வரலாம், சனிக்கிழமை பட்டறையில் கல் போடலாம். எதிராகவும் இருக்கிறது. வெறும் பி.எஸ்சி.க்கு நல்ல சம்பளத்தில் வேலை வரிசையில் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் 18லிருந்து 23 வயதுக்குள் இருப்பவர்கள் நூறு பேர் என்றால் ஏறக்குறைய 47 பேர் என்ற விகிதத்தில் உயர்கல்வியில் இருந்தார்கள் என்று 2021-22 மத்திய அரசுக் கணக்கெடுப்பு சொல்கிறது, நாடு முழுக்க அது 28தான். பாதிப் பேர் வைத்திருக்கிற ஒன்றைக் காட்டி நான் தனியாகத் தெரிய முடியாது. குரூப் 4 எழுதப் பத்தாம் வகுப்பே போதும். ஆனால் குரூப் 2, வங்கி அதிகாரி, பி.எட். முடித்து ஆசிரியர், எம்.எஸ்சி. முடித்து சிக்ரி மாதிரி ஓர் இடத்தில் ஆய்வு உதவியாளர், எதற்கும் பட்டம் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது.

வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் படி, அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறதே என்று பலர் சொல்கிறார்கள். பி.காம்., தமிழ் இலக்கியம் எல்லாம் அப்படி முடித்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அது நல்ல வழிதான். வேதியியலை அப்படிப் படிக்க எனக்கு மனமில்லை. பியூரெட்டைக் கையில் பிடித்து, சொட்டு விழுந்து நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அச்சைத் தூக்குவது மாதிரிதான், பக்கத்தில் ஒருவர் நின்று "இப்பத் தூக்கு" என்று சொல்லிப் பழக வேண்டும்.

கடைசியாக, அண்ணனுக்குத் தேவைப்படாத, எனக்கு மட்டும் தேவைப்பட்ட ஒரு பத்தி. நான் சும்மா வீட்டில் இருந்தால் ஆறு மாதத்தில் வரன் பேச்சு வந்துவிடும். போன தை மாதமே ஒரு ஜாதகம் வந்தது. பட்டறைக்குப் போனாலும் வரும். கம்பெனிக்குப் போனால் ஒரு வருஷம் தள்ளும், அப்புறம் வெளியூரில் இருக்கிற பிள்ளை என்று பேச்சு இன்னும் வேகமாகும். "பிள்ளை காலேஜ்ல படிக்குது" என்ற ஒரு வார்த்தைக்கு மட்டும்தான் எங்கள் சொந்தக்காரர்கள் வாயை மூடுகிறார்கள். மூன்று வருஷம் என் பேச்சு என்னிடமே இருக்கும். 3,60,000 ரூபாயை ஒரு பக்கத் தட்டில் வைத்தால் இதை மறுபக்கத் தட்டில் வைக்கிறேன், எனக்குத் தராசு இந்தப் பக்கம்தான் இறங்குகிறது. பையன்கள் இதைப் படித்தால் உங்கள் கணக்கில் இந்த வரி இருக்காது, அதற்குத் தகுந்த மாதிரி பாருங்கள்.

நேற்று இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டேன், 50 ரூபாய். முதல் விருப்பம் வேதியியல். இரண்டாவதாகக் கணிதம் போடச் சொன்னார் மையத்தில் இருந்தவர், நான் போடவில்லை. வேதியியல் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று அம்மா கேட்டார். பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம், இரண்டே வருஷத்தில் டிப்ளமோ வந்துவிடும், அந்த விண்ணப்பத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன். அக்காவுக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இடையில் இரண்டு வருஷம் வேலைக்குப் போனவர்களைச் சேர்ப்பார்களா, கேட்டுச் சொல் என்று பதில் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை காரைக்குடிக்குப் போகும்போது கேட்க வேண்டும்.