இலவச லைசென்ஸ், காலாவதித் தேதியோடு

எங்கள் வீட்டு மாடி அறையில் காம்பாக் ஆல்ஃபாசர்வர் டிஎஸ்10 என்ற பழைய சர்வர் கணினி ஒன்று இருக்கிறது. 1999-ல் வந்த மாடல், 466 மெகாஹெர்ட்ஸ் ஈவி6 ப்ராசஸர் (ஆல்ஃபா என்ற ப்ராசஸர் வகையில் ஒரு தலைமுறை). 2013-ல் பழைய இரும்பு விலைக்கு வாங்கினேன். ஹார்ட் டிஸ்க் கிடையாது. "ஓடுமா ஓடாதான்னு தெரியாது சார்" என்பதுதான் கடைக்காரர் கொடுத்த உத்தரவாதம். ஓடியது.

இதை ஏன் வாங்கினேன் என்றால், தொண்ணூறுகளில் ஒரு ஆலையின் கணினி அறையில் இரவு ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தவன் நான். அங்கே டிஜிட்டல் கம்பெனியின் வேக்ஸ் கணினி ஓடியது, அதில் விஎம்எஸ் என்ற ஓஎஸ். ஏசி குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டேப் மாற்றிய கை, ஐம்பது வயதில் அதே டாலர் குறி ப்ராம்ப்டைத் தேடியது. பெட்டி கிடைத்துவிட்டது. அதில் ஓட வேண்டிய ஓப்பன்விஎம்எஸ்ஸுக்கு (விஎம்எஸ்ஸின் பிற்காலப் பெயர்) லைசென்ஸ்?

அந்தக் காலத்து வியாபாரக் கணினிகளில் பெட்டி வாங்குவது பாதிச் செலவுதான். பெட்டியின் சக்திக்குத் தகுந்தபடி 'யூனிட்' என்று ஒரு கணக்கு. ஓஎஸ்ஸுக்குத் தனி, நெட்வொர்க்குக்குத் தனி, க்ளஸ்டருக்குத் தனி, கோபால் நிரல்மொழியின் கம்பைலருக்கு (நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றுவது) தனி. (எங்கள் ஷிப்டில் கோபால் என்றே ஒருவன் இருந்தான், பாவம், அவனைப் படுத்தாத பாடில்லை.) ஒவ்வொன்றுக்கும் 'பேக்' என்ற ஒரு தாள் வரும். அதிலுள்ள பொருளின் பெயர், யூனிட், முடிவுத் தேதி, செக்சம் என்ற சரிபார்ப்புக் குறி எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் டைப் செய்து பதிய வேண்டும். ஒரு எழுத்து தவறினாலும் செக்சம் ஒத்துவராது, ஏற்காது. கம்பெனிக்கு இதெல்லாம் சரி. வீட்டில் பொழுதுபோக்காக ஓட்டுகிறவன் அந்தப் பணத்துக்கு எங்கே போவான்?

நல்லவேளையாக 1997 முதலே ஹாபியிஸ்ட் திட்டம் ஒன்று இருந்தது. வணிகத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் ஓஎஸ்ஸும் பெரும்பாலான கம்பைலர்களும் இலவசம். டிஜிட்டலை 1998-ல் காம்பாக் வாங்கியது, 2002-ல் காம்பாக் ஹெச்பியோடு சேர்ந்தது. இத்தனை கை மாறியும் திட்டம் தொடர்ந்தது. நான் சேர்ந்தபோது அது ஹெச்பியிடம் இருந்தது. ஒரு படிவம் நிரப்பினால் மின்னஞ்சலில் ஒரு கட்டளைக் கோப்பு வரும். அதை ஓட்டினால் எல்லா லைசென்ஸும் ஒரே மூச்சில் பதிந்துவிடும். ஒரு வருடம் செல்லும். காசு சுத்தமாகக் கிடையாது.

அந்த ஒரு வருடத்தில்தான் சிக்கல். 2016-ல் வேலை மாற்றம், வீடு மாற்றம் என்று நான்கைந்து மாதம் பெட்டியைத் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டேன். பூட் ஆனது. லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியாக டெல்நெட்டில் உள்ளே போகப் பார்த்தால் வழியே இல்லை. லைசென்ஸ் முடிந்து மூன்று வாரம். புதுப்பிக்க மறந்தது முழுக்க என் தப்பு. அன்றே படிவம் அனுப்பினேன், புதுக் கோப்பும் வந்தது. ஆனால் அதைப் பெட்டிக்குள் எப்படிக் கொண்டுபோவது? நெட்வொர்க்கில் எஃப்டிபி மூலம் அனுப்ப டிசிபி-ஐபி என்ற நெட்வொர்க் மென்பொருள் வேண்டும், அதற்கும் லைசென்ஸ் வேண்டும், அதுவும் முடிந்துவிட்டது. சாவி பெட்டிக்குள்ளே, பெட்டிக்குப் பூட்டு வெளியே.

லைசென்ஸ் இல்லாவிட்டாலும் கன்சோலில் (பெட்டியோடு நேரடியாக இணைத்த முனையத்தில்) மட்டும் நுழைய விடும், அதுதான் விஎம்எஸ்ஸின் கருணை. சீரியல் கேபிளைத் தேடிப் பிடித்து, 9600 வேகத்தில் கோப்பை அப்படியே பேஸ்ட் செய்தேன். நடுநடுவே எழுத்துகளை விழுங்கிவிட்டது. பாதி லைசென்ஸுக்குச் செக்சம் ஒத்துவரவில்லை. கடைசியில் வரிக்கு வரி சிறு இடைவெளி விட்டு அனுப்பும்படி டெர்மினல் மென்பொருளை மாற்றி, ஒரு மதியத்தை முழுங்கிய பிறகு எல்லாம் பதிந்தன. அன்றிலிருந்து காலண்டரில் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பாகவே குறித்துவைப்பது பழக்கமாகிவிட்டது. தேதியைப் பின்னால் தள்ளிவைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு கோப்பிலும் பொய்த் தேதி விழும், அதைவிட லைசென்ஸ் இல்லாமலே இருக்கலாம்.

2020 மார்ச்சில், ஹெச்பியிலிருந்து பிரிந்த ஹெச்பிஇ அந்தத் திட்டத்தை மூடப்போவதாக அறிவித்தது. கடைசியாகக் கொடுத்தவை 2021 முடிவு வரைதான். அதற்குள் ஓப்பன்விஎம்எஸ் விஎஸ்ஐ (விஎம்எஸ் சாஃப்ட்வேர் இன்க்) என்ற கம்பெனியின் கைக்கு வந்திருந்தது. 2014 முதலே ஓப்பன்விஎம்எஸ்ஸை மேம்படுத்தும் உரிமை அவர்களிடம். அவர்கள் 2020 ஜூலையில் சமூக லைசென்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆனால் அது அவர்கள் வெளியிட்ட பதிப்புகளுக்கு மட்டும்தான். ஆகவே நானும் ஹெச்பியின் 8.4-ஐ விட்டு விஎஸ்ஐயின் 8.4-2எல்2-வுக்கு மாறினேன். அந்தப் பதிப்புக்கு ஈவி6 அல்லது அதற்கு மேல் வேண்டும். டிஎஸ்10 மயிரிழையில் தேறியது. அதற்கு முந்தைய ஆல்ஃபா வைத்திருப்பவர்களுக்கு 2எல்1 இருந்தது.

வேக்ஸ் வைத்திருந்தவர்கள்தான் அம்போ. வேக்ஸுக்கு விஎஸ்ஐ பதிப்பே கிடையாது, பழைய பதிப்புகள் ஹெச்பிஇயின் சொத்து. ஆகவே சிம்ஹெச் எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) வேக்ஸ் ஓட்டினாலும் முறையான புது லைசென்ஸுக்கு வழியில்லை. ஐபிஎம் பக்கம் இதற்கு நேர்மாறாக ஒரு விசித்திரம். எம்விஎஸ் 3.8ஜே என்ற பழைய மெயின்ஃப்ரேம் ஓஎஸ் யாரும் எடுத்து ஓட்டக்கூடிய நிலையில் கிடக்கிறது, ஹெர்குலிஸ் எமுலேட்டரில் போட்டு மெயின்ஃப்ரேமே ஓட்டலாம், தேதி கெடுவே இல்லை. அதே ஐபிஎம்மின் ஏஎஸ்/400 என்ற வியாபாரக் கணினி வாங்கினால் லைசென்ஸ் சாவி பெட்டியின் சீரியல் எண்ணோடு கட்டப்பட்டது. ஆகவே டிஸ்க்கைத் துடைத்த ஏஎஸ்/400-ஐ யாராவது மலிவாகக் கொடுத்தால் இரண்டு முறை யோசியுங்கள். சாவி இல்லாவிட்டால் நல்ல கனமான ஸ்டூல், அவ்வளவுதான்.

2024 மார்ச்சில் விஎஸ்ஐயும் விதியை மாற்றியது. ஆல்ஃபா, இன்டெக்ரிட்டி (ஹெச்பியின் இட்டானியம் சர்வர்) பெட்டிகளுக்குப் புதிதாக யாருக்கும் கிடையாது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு 2025 வரை. இனி எக்ஸ்86 (சாதாரண பிசி வகை) மட்டும்தான், அதுவும் எல்லாம் நிறுவிய ஒரு விர்ச்சுவல் டிஸ்க்காக, லைசென்ஸ் உள்ளேயே வைத்து. ஒரு வருடம் ஆனால் புது டிஸ்க் இறக்க வேண்டும். நான் அதையும் விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) வைத்திருக்கிறேன். ஆல்ஃபாவில் ஒரு நிமிடம் பிடித்த கம்பைல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது. என் கோப்புகளை முதல் நாளே தனி விர்ச்சுவல் டிஸ்க்கில் போட்டுவிட்டேன், இல்லாவிட்டால் வருடா வருடம் குடிமாறும் வேலைதான். குறை சொல்ல ஒன்றுமில்லை, மாடியில் அந்தக் காற்றாடிச் சத்தம் இல்லை என்பதைத் தவிர.

பதினோரு வருடத்தில் லைசென்ஸுக்கு நான் கொடுத்த பணம் பூஜ்யம். ஒரு சீரியல் கேபிள், இரண்டு பழைய டிஸ்க், ஒரு கடிகார பேட்டரி, கரன்ட் பில். இதில் கரன்ட் பில்தான் வலித்தது. ஆனால் ஓட்டலாமா கூடாதா என்று முடிவு செய்தவன் ஒரு வருடமும் நானில்லை. இப்போது யாராவது ஆல்ஃபா வாங்கட்டுமா என்று கேட்டால், அதில் நெட்பிஎஸ்டி என்ற இலவச ஓஎஸ் ஓட்டச் சம்மதமென்றால் வாங்குங்கள் என்பேன். விஎம்எஸ்தான் வேண்டுமென்றால் பெட்டிக்குச் செலவழிக்காமல் எக்ஸ்86 டிஸ்க்கை இறக்கிக்கொள்ளுங்கள்.

என் ஆல்ஃபாவின் லைசென்ஸ் முடிந்துவிட்டது. பெட்டி இன்னும் பூட் ஆகிறது, கன்சோலில் விடுகிறது. கம்பைலர் வேலை செய்யாது, முன்பே கம்பைல் செய்துவைத்தவை ஓடும். என் மனைவி சொந்தக்காரர்களோடு போடும் சீட்டுக்கு ஒரு கோபால் நிரல் எழுதிவைத்திருந்தேன். இருபது பேர் என்று நிரலுக்குள்ளேயே பதித்த புத்திசாலி நான். இந்த முறை சீட்டில் இருபத்தோரு பேர். லேப்டாப்பில் மாற்றிக் கொடுக்கிறேன் என்றேன். "வேண்டாங்க, நான் எப்பவும் நோட்டுலதானே போடறேன்" என்றாள்.