பூவைப் படமெடுக்க கேனான் 200டி மார்க் 2: லென்ஸை விடுங்கள், திரையைப் பாருங்கள்

பூவைப் படமெடுக்கிறேன் என்றாலே "என்ன லென்ஸ்?" என்றுதான் கேட்கிறார்கள். கூடவே வரும் 18-55 கிட் லென்ஸே பெரும்பாலான பூக்களுக்குப் போதும். 2019-இல் வந்த இந்த கேமராவில் எனக்குப் பிடித்தது பக்கவாட்டில் திறந்து, மேலும் கீழும் திரும்புகிற அந்த 3 அங்குலத் திரைதான்.

நின்றபடி குனிந்து எடுத்தால் எந்தப் பூவும் ஒரே மாதிரிதான், பின்னால் மண்ணும் சருகும். தும்பை, நெருஞ்சிக்கெல்லாம் கேமராவைத் தரையில் வைத்துத் திரையை மேல்நோக்கித் திருப்பி, பூவின் மேல் விரலால் தொட்டால் ஃபோகஸ் ஆகிப் படமும் எடுத்துவிடும். பின்னணி தூரம் போய் மங்கிவிடுவதால் பூ தனியாக எழுந்து நிற்கும். செங்காந்தளோ தலையைக் கவிழ்த்து இதழ்களை மட்டும் மேலே வளைத்திருக்கும், மகரந்தம் தாங்கும் கேசரங்கள் அடியில் சுற்றிலும் விரிந்திருக்கும், அதைக் கீழிருந்து வானத்தோடு சேர்த்து எடுக்க வேண்டும். வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் கழுத்து போய்விடும்!

செம்பருத்திக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். நடுத்தண்டு லென்ஸை நோக்கி நீண்டிருப்பதால் அதன் நுனி தெளிந்தால் இதழ் மங்கும், இதழ் தெளிந்தால் நுனி மங்கும். பக்கவாட்டில் போனால் தண்டு முழுக்க ஒரே தூரத்தில் வந்துவிடும், லென்ஸ் துளையின் அளவை (அபர்ச்சர்) எஃப் 8-இல் வைத்தால் போதும்.

சூரியகாந்தி வயல்களைப் பார்க்கத் தென்காசி பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம் போகிறவர்களுக்கு ஒன்று. முற்றிய சூரியகாந்தி கிழக்குப் பார்த்தே நிற்கும். காலையில் முகத்தில் வெயில் விழும், எல்லோரும் எடுக்கும் படம் அது. சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் வெயில் பூவுக்குப் பின்னால் இருக்கும், இதழ் வழியாக வெளிச்சம் ஊடுருவி வரும். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கித் திரையைக் கீழே சாய்த்தால் வயல் முழுக்க வரும்.

சரி, குறைகள். உச்சி வெயிலில் திரை சரியாகத் தெரியாது, திரையைப் பார்த்தே எடுத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். திறந்த திரை இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் நெருக்கமான செடிகளுக்குள் இடிக்கும். தண்ணீர் புகாத கட்டமைப்பு இல்லை, மழையில் எடுக்காதீர்கள். கிட் லென்ஸ் 25 செ.மீ.க்குள் ஃபோகஸ் ஆகாது, தும்பை படம் முழுக்க நிறைய வேண்டுமென்றால் மிக அருகில் எடுப்பதற்கான மேக்ரோ லென்ஸ்தான் வழி.

வேறு கேமரா வாங்குவதானாலும் கடையிலேயே அதைச் செங்குத்தாகப் பிடித்து, தாழ்வாக இறக்கிப் பாருங்கள். மேலும் கீழும் மட்டும் சாயும் திரைகள் அந்த நிலையில் உதவாது, காம்போடு நிற்கிற பூவை அப்படித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.