‘செட்டியார் நோட்டு’ வாங்குபவர்கள் கவனத்துக்கு

பழைய நோட்டு சேகரிப்பவர்கள் கவனிக்கவும். ‘1921 ரங்கூன் செட்டியார் நோட்டு, வெள்ளைக்காரன் காலத்துக் காகிதப் பணம்’ என்று இணையத்தில் ஒருவர் விற்கும் உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லி வணிகர் எழுதும் சீட்டு) போலி. என்னிடம் 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அதைத்தான் அனுப்பிவைத்தார்.

விளம்பரப் படத்தில் எழுத்து மட்டும் தெரிந்தது. முத்திரை இருக்கும் மேல்பகுதியை மறைத்திருந்தார், யாராவது நகலெடுத்துவிடுவார்களாம். கூரியர் உறையைப் பிரித்தால் அந்த இடத்தில் மழித்த முகத்துடன் ஆறாம் ஜார்ஜ். அவர் பட்டத்துக்கு வந்ததே 1936 டிசம்பரில். 1921-இல் ஆட்சியில் இருந்தவர் அவருடைய அப்பா, தாடிக்கார ஐந்தாம் ஜார்ஜ். இன்னும் அச்சாகாத தாளில் ரங்கூன் செட்டியார் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று தெரியவில்லை. தேதியில் அதைவிடப் பெரிய கூத்து: ‘பிரபவ வருஷம்’ என்று எழுதியிருக்கிறது. 1921 துன்மதி வருஷம். பிரபவ பிறந்தது 1927-இல். வட்டியை நாள் பிசகாமல் கணக்குப் பார்த்தவர்கள் வருஷப் பெயரிலா கோட்டை விடுவார்கள்?

தந்திரம் இதுதான். தாள் அசல், எழுத்து புதிது. தவணை உண்டியலை, அதாவது குறித்த நாள் கழித்துப் பணம் தர வேண்டிய உண்டியலை, அரசு முத்திரை பதித்த தாளில் எழுதுவது வழக்கம். எழுதப்படாமல் மிஞ்சிய அத்தகைய தாள்கள் பழைய பொருள் வியாபாரிகளிடம் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. அதில் ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு தேதி எழுதி, தேநீர்க் கறையும் ஏற்றிவிட்டால் ‘அபூர்வப் பொருள்’ தயார். எனக்கு வந்ததை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மடிப்புக் கோட்டைக் கடக்கும் இடங்களில் எல்லாம் மை இழைகளுக்குள் கசிந்து பரவியிருக்கிறது. மடித்து நைந்துபோன தாளில் பிறகு எழுதினால்தான் இப்படிக் கசியும். பின்பக்கம் துடைத்துவிட்டதுபோல் வெறுமை. பல கை மாறிய உண்டியல் என்று விளம்பரத்தில் சொன்னாரே, மாற்றிக் கொடுத்தவர் கையெழுத்து ஒன்றுகூட இல்லை.

‘நோட்டு’ என்ற பெயரும் விலையை ஏற்றுவதற்குத்தான். 1861-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவில் நோட்டு வெளியிடும் உரிமை அரசிடம் போய்விட்டது. உண்டியல் என்பது இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று ஒரு வணிகர் இன்னொரு வணிகருக்கு எழுதிய உத்தரவு. அசலாக இருந்தால் அதற்கென்று தனி மதிப்பு உண்டு, அதை நோட்டு என்று சொல்லி விற்கத் தேவையே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்றார். அவரே அச்சடித்துக்கொண்ட ‘அசல் சான்றிதழை’ ஆதாரமாகக் காட்டினார். பிரபவ வருஷத்தைச் சுட்டிக்காட்டியதற்கு, “நீங்கள் ஜோசியரா சார்?” என்று கேட்டார். அத்தோடு என் எண்ணை முடக்கிவிட்டார்.

சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. முத்திரை, முழுத் தாள், பின்பக்கம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். அதே ஆள் இப்போது ‘பினாங்கு நோட்டு’ என்று புதிதாக ஒன்றைப் போட்டிருக்கிறார். அதிலும் மேல்பகுதி மறைத்துத்தான் இருக்கிறது, விலை 12,000.