வேகச் சோதனைக்குள் ஓர் இஃப்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

இணையதள வேகச் சோதனைகளை இரவுதோறும் தானாக ஓடும்படி அமைத்திருக்கும் நண்பர் ஒருவர், சோதனை ஸ்கிரிப்டுக்குள் (சோதனை செய்ய வேண்டியதை வரிவரியாகச் சொல்லும் கட்டளைப் பட்டியலுக்குள்) நிபந்தனை வைக்க முடியுமா என்று போன வாரம் கேட்டார். முடியும் என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பிவிட்டேன். அன்று மாலையே என்னுடைய ஸ்கிரிப்டைப் பழுதுபார்க்க உட்கார நேர்ந்தது. வேலை முடிந்து எழுந்தபோது, விளக்கம் இல்லாத அந்த ஒற்றைச் சொல்லால் அவருக்குத் தீங்கு செய்துவிட்டதாகவே தோன்றியது.

நான் பயன்படுத்துவது வெப்பேஜ்டெஸ்ட், ஒரு பக்கத்தை உலாவியில் பலமுறை திறந்து அதன் வேகத்தை அளக்கும் கருவி. அதன் ஸ்கிரிப்டில் இஃப் (இப்படியானால்), எல்ஸ் (இல்லையென்றால்), எண்டிஃப் (நிபந்தனை முடிந்தது) மூன்றும் உண்டு. ஆனால் அந்த இஃப் கேட்கத் தெரிந்த கேள்விகள் இரண்டுதான்: இது எத்தனையாவது ஓட்டம், இது முதல் வருகையா அல்லது கேச் (உலாவி சேமித்து வைக்கும் கோப்புகள்) நிரம்பிய மறுவருகையா. பக்கத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அதற்குத் தெரியாது. கட்டளைக்கும் அதன் மதிப்புக்கும் நடுவே டேப் விசை தரும் குறி இருக்க வேண்டும், சாதாரண இடைவெளி கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேபை எல்லாம் இடைவெளியாக மாற்றிவிடும் ஓர் எடிட்டரோடு நான் போராடிய நாள்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

இரண்டாவது கேள்வி எனக்குத் தந்த நிம்மதியை மறைக்க மாட்டேன். எங்கள் தளத்தில் முதன்முறை வருபவருக்குக் குக்கி (தளம் உலாவியில் சேமிக்கும் சிறு குறிப்பு) ஒப்புதல் பட்டை ஒன்று வரும். அதை அழுத்திய பிறகுதான் விளம்பரம், பகுப்பாய்வு போன்ற வெளியார் ஸ்கிரிப்டுகள் இறங்கும். மறுவருகையில் குக்கி ஏற்கெனவே இருப்பதால் பட்டை வராது, அதை அழுத்தச் சொல்லும் வரி இல்லாத பொத்தானைத் தேடிப் பிழையில் முடியும். கேச் இல்லாத வருகையில் மட்டும் அழுத்து என்று ஒரு நிபந்தனை வைத்ததும், இரண்டு வருகைகளையும் ஒரே ஸ்கிரிப்ட் தாங்கியது. இன்றுவரை அந்த வரிகளை நான் தொடவில்லை.

ஓட்ட எண்ணைக் கேட்கும் நிபந்தனையில் நான் செய்த முட்டாள்தனம் வேறு வகை. ஒன்பது ஓட்டங்களில் சிலவற்றில் பழைய முகப்பு, மற்றவற்றில் புதிய முகப்பு என்று குக்கியை மாற்றி வைத்து, ஒரே சோதனையில் இரண்டையும் ஒப்பிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் முடிவுப் பக்கம் எல்லா ஓட்டங்களையும் ஒரே வரிசையில் வைத்து அவற்றின் நடுவில் நிற்பதையே இடைநிலை ஓட்டமாகக் காட்டும். அது பழைய முகப்பா புதியதா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். இரண்டு தனிச் சோதனைகளாக ஓட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இவை சின்ன விஷயங்கள். என்னை உண்மையிலேயே எரிச்சலூட்டியது, பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கும் நிபந்தனை. கருவியின் இஃபால் அது முடியாது என்பதால், எல்லோரையும் போல நானும், பக்கத்துக்குள் நிரலை ஓட்டும் எக்ஸெக் கட்டளைக்குள் ஜாவாஸ்கிரிப்டை நுழைத்தேன்: பொத்தான் இருந்தால் அழுத்து, இல்லையென்றால் சும்மா இரு. ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு ஒரு கேள்விக்குறியும் ஒரு புள்ளியும் (?.) போதும். பிழைச் செய்திகள் நின்றன, நானும் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒருநாள் மொத்தத் தடை நேரம் சட்டென்று சரிந்தது. 50 மில்லிவிநாடியைத் தாண்டும் வேலைகளின் மிகுதியைக் கூட்டிச் சொல்லும் அந்த எண் குறைந்தால் பக்கம் பயனருக்கு விரைவாகப் பதில் சொல்கிறது என்று பொருள் என்பதால், குழுவில் பாராட்டுச் செய்திகள் பறந்தன, நானும் ஒன்று அனுப்பினேன். நடந்தது என்னவென்றால், ஒப்புதல் பட்டையின் பொத்தானுக்கு யாரோ புதிய அடையாளப் பெயர் வைத்திருந்தார்கள். என் நிபந்தனை பொத்தானைக் காணாமல் சும்மா இருந்தது. ஒப்புதல் கிடைக்காததால் வெளியார் ஸ்கிரிப்டுகள் எதுவும் இறங்கவில்லை. பயனர் எவரும் பார்க்காத ஒரு வெற்றுப் பக்கத்தை வேகமான பக்கம் என்று வாரக்கணக்கில் அளந்துகொண்டிருந்தோம். உலாவி கேட்ட கோப்புகளை வரிசையாகக் காட்டும் வாட்டர்ஃபால் படத்தை ஒருமுறை திறந்திருந்தால், பாதிக் கோரிக்கைகள் காணாமல் போனது கண்ணில் பட்டிருக்கும்.

நியாயமாகப் பார்த்தால் கருவியின் மீது குற்றம் இல்லை, சொன்னதைத்தான் செய்தது. பிளேரைட் என்ற உலாவித் தானியக்கக் கருவிக்கு மாறியவர்களும் இதே குழியில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே நிபந்தனையில்லாத கிளிக், பொத்தான் வரும்வரை காத்திருந்து, காலக்கெடு முடிந்தால் பிழை காட்டி நிற்கும். அந்தச் சத்தம் பிடிக்காமல் அதைச் சுற்றி, பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஓர் இஃப் போடுகிறோம். அந்தக் கேள்வியோ காத்திருக்காது; கேட்ட நொடியில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடும். சர்வர் மந்தமாகிப் பட்டை தாமதமாக வரும் நாளில் சோதனை இலகுவான பாதையில் போய், தளம் வேகமாக இருப்பதாக அறிக்கை தருகிறது. மெதுவான நாள் வேகமாகத் தெரியும் இந்த வேடிக்கையை நினைத்தால் கோபம்தான் வருகிறது, சிரிப்பு வருவதில்லை.

இப்போது செய்த பழுது எளியது. பொத்தான் இல்லாதபோது சும்மா இருக்காமல், பெர்ஃபார்மன்ஸ் மார்க் (உலாவி பதிவுசெய்யும் நேரக் குறி) ஒன்றை வைக்கும்படி எல்ஸ் கிளையை எழுதினேன். அந்தக் குறி முடிவில் தனி எண்ணாகவே வந்து நிற்கிறது. முதல் வருகையில் அந்தக் குறி இருந்தால் அன்றைய அளவீட்டை வரைபடத்தில் சேர்ப்பதில்லை. கோரிக்கைகளின் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு மட்டும் வைத்திருந்த இடத்தில் கீழ்வரம்பும் வைத்தேன். எண்ணிக்கை குறைந்ததற்காக எச்சரிக்கை அனுப்பும் வேகச் சோதனையைப் பார்த்துச் சக ஊழியர் ஒருவர் சிரித்தார், சிரிக்கட்டும்.

நண்பருக்கு இரண்டாவது செய்தியில், நிபந்தனை வேண்டாம், வெவ்வேறு பாதைகளை வெவ்வேறு சோதனைகளாகவே ஓட்டுங்கள் என்று எழுதினேன். உங்கள் ஸ்கிரிப்டில் நிபந்தனையே கிடையாதா என்று உடனே திருப்பிக் கேட்டார். இரண்டு இருக்கின்றன, இரண்டையும் எடுப்பதாக இல்லை.