வெள்ளவத்தையில் ஒரு அளவு நாடா

லண்டனிலிருந்து 11 மணித்தியாலம் காலை மடக்கி இருந்து கொழும்பில் வந்து இறங்கிய மூன்றாம் நாள், இடது கெண்டைக்கால் இறுகிப் படியிறங்கவே விடவில்லை. ஓட்டப் பயிற்சியில் வந்த பழைய பிடிப்பு என்றுதான் நினைத்தேன். மாமி சித்தாலேபைத் தைலத்தை எடுத்து நீட்டினா. அம்மம்மா இருந்திருந்தால் நல்லெண்ணெயைச் சூடாக்கியிருப்பா.

முதலில் போனது காலி வீதியில் ஏசி போட்ட ஒரு மசாஜ் நிலையம். எந்த வாசனை எண்ணெய் வேண்டும் என்று கேட்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. குப்புறப் படுத்ததும் நோகிற இடத்திலேயே முழங்கையை ஊன்றினார் ஒருவர். நோகுது என்றேன். நொந்தால்தான் சுகம் வரும் என்றார். பாதியில் எழும்பி, முழுக் காசையும் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. லண்டனில் ஸ்போர்ட்ஸ் மசாஜுக்குப் போனால் முதலில் ஒரு படிவம் தருவார்கள்: என்ன மருந்து எடுக்கிறீர்கள், சத்திரசிகிச்சை நடந்ததா, இரத்தக்கட்டி வந்ததா என்று.

மச்சாள் சொல்லி அடுத்த நாள் மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கும் இன்னொரு மசாஜ் இடத்துக்குப் போனேன். நேரம் குறித்துத் தர மாட்டார்கள். “வாங்கோ, பாப்பம்” அவ்வளவுதான். ரயில் சத்தத்தைக் கேட்டபடி 50 நிமிடம் வாங்கில் இருந்தேன். லண்டனில் என்றால் இந்நேரம் வேலை முடிந்து வீடு போயிருப்பேன் என்று உள்ளுக்குள் கொதித்தது.

உள்ளே இருந்த தம்பிக்கு முப்பது வயதிருக்கும். “அண்ணை, எப்ப வந்து இறங்கினீங்கள்?” சும்மா விசாரிக்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். அவர் எண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டு, தையல்காரர் வைத்திருப்பது போன்ற அளவு நாடாவை எடுத்தார். முழங்காலுக்குக் கீழே தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறக்கி, பேனையால் புள்ளி வைத்து, இரண்டு கால்களையும் சுற்றி அளந்தார். அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். புறங்கையால் சூடு பார்த்தார். மூச்சு முட்டுகிறதா, முன்பு எப்போதாவது இரத்தம் உறைந்ததா என்றும் கேட்டார்.

“நீண்ட நேரம் பறந்து வந்தவைக்கு ஆழத்து நாளத்தில இரத்தம் உறையலாம், அண்ணை. அதுவும் பிடிப்பு மாதிரித்தான் நோகும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சுட்டால் நான் கை வைக்க மாட்டன். நேரே ஆஸ்பத்திரிதான்.”

அப்படியொரு கட்டியை அழுத்தித் தேய்த்தால் அது கழன்று நுரையீரலுக்குப் போகக்கூடும். முதல் நாள் அந்த முழங்கை ஊன்றிய இடத்தை நினைத்ததும் நெஞ்சு படபடத்தது.

அப்புறம் நிற்க வைத்துக் குதியைத் தூக்கச் சொன்னார். முழங்காலை நீட்டி வைத்தபோது பெரிதாக நோகவில்லை, மடித்தபோதுதான் சுள்ளென்றது. அப்படியென்றால் மேல் தசை இல்லை, அதன் கீழே கிடக்கும் சோலியஸ் தசை என்றார். உள்ளங்கையால் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி மெதுவாக நீவி, பிசைந்து, தசை இளகின பிறகே முழங்காலை மடித்துப் பெருவிரலை உள்ளே இறக்கினார். மடித்தால் மேல் தசை தளர்ந்து விரலுக்கு வழி விடும். தசையில் இறுகிக் கிடந்த முடிச்சை அப்படியே பிடித்துக்கொண்டு பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னார். நோ 10இல் எத்தனை என்று கேட்டுக் கேட்டு, 7ஐத் தாண்ட விடவில்லை. கடைசியில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் எண்ணெயைத் துடைத்துவிட்டுக் குறுக்காகத் தேய்த்தார். அதற்கு விரல் தோலில் வழுக்கக் கூடாதாம்.

இறங்கி நடந்தபோது குதி முழுதாக நிலத்தில் பட்டது.

திரும்பிப் பறப்பதற்கு இரண்டு நாள் முன்பும் போனேன். அன்றைக்கும் முக்கால் மணித்தியாலம் வாங்கில்தான். அன்றைக்கும் அவர் முதலில் நாடாவைத்தான் எடுத்தார்.