ஊர்ச் சங்கமா, வர்த்தக சபையா? மாமனார் விட்டுப்போன இரண்டு கோப்புகள்

மாமனாரின் 49 ஆம் நாள் காரியம் முடிந்த வாரம் கடை அலமாரியை ஒழித்தபோது இரண்டு கோப்புகள் கிடைத்தன. ஒன்றில் அவர் சேர்ந்திருந்த ஊர்ச் சங்கத்தின் ரசீதுகள் இருந்தன. மற்றதில் சிங்கப்பூர்ச் சீன வர்த்தக, தொழிற்சபைக்குக் கடையின் பெயரில் கட்டிய சந்தா ரசீதுகள். அவர் இரண்டிலும் இருந்தார். கணவரால் அது முடியாது. உலர்பொருள் மொத்த வியாபாரம் எங்களுடையது. காளான், காய்ந்த இறால், நெத்திலி. சந்தாப் பணத்தைப் பற்றிக் கவலையில்லை, நேரம்தான் இல்லை. கூட்டம், விருந்து, செயற்குழு என்று எதில் சேர்ந்தாலும் மாதத்தில் இரண்டு மாலையாவது போய்விடும். கடைக் கணக்கு எழுதுபவள் நான் என்பதால், "நீ பார்த்துச் சொல்லு" என்று இரண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார். நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்த தமிழச்சி. ஹொக்கியன் மொழி பேசும் இந்தச் சீனக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து 19 வருடம் ஆகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்ச் சங்கத்தில் நீடிக்கிறோம், சபைச் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. இதே யோசனையில் இருக்கும் கலப்புக் குடும்பங்கள் சிலவற்றை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் சங்கம். சீனர்கள் 'ஹுவே குவான்' என்பார்கள். ஒரே மாவட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று, ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்களுக்கு ஒன்று, ஒரே மொழிக் குழுவுக்கு ஒன்று என்று பலவகை. இங்கே எல்லாவற்றையும் சேர்த்துக் குலமரபுச் சங்கம் என்று எழுதுகிறோம். 'கொங்சி' என்ற சொல்லும் உண்டு. ஈப்போவில் நாங்கள் மிட்டாயைப் பாதியாக உடைத்துப் பங்கு போடும்போதுகூட 'கொங்சி' என்றுதான் சொல்வோம். அது சீனர் வாயிலிருந்து மலாய்க்குப் போய், அங்கிருந்து எங்கள் பேச்சுக்கு வந்த சொல் என்பது திருமணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் ஒருமுறை நடந்தால் இந்தச் சங்கங்கள் எதற்காகத் தோன்றின என்பது புரிந்துவிடும். கடல் தூர்க்கப்படுவதற்கு முன்னால் அந்தத் தெருவின் வாசல் வரை அலை வந்தது. கப்பலை விட்டு இறங்கியவர்களின் கண்ணில் முதலில் பட்ட தெரு அது. ஹக்கா மொழிக் குழுவினரின் சங்கமான யிங் ஃபோ ஃபுய் குன் 1822 இல் தொடங்கியது. தியான் ஹோக் கெங் கோயிலைக் கட்டும் வேலை 1839 இல் ஆரம்பித்து 1842 இல் முடிந்தது. ஹொக்கியன் ஹுவே குவான் 1840 இல் அந்தக் கோயிலுக்குள்தான் பிறந்தது. அதே வரிசையில், சில அடி தள்ளி நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டியது. உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி, படுக்க ஒரு பாய், செத்தால் புதைக்க நாலு பேர். இந்த மூன்றும்தான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டில் நம் செட்டியார்கள் தொழிலுக்கும் தங்குவதற்கும் சேர்த்து வைத்திருந்த கிட்டங்கியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வர்த்தக சபை பின்னால் வந்தது, 1906. ஊரும் மொழிக் குழுவுமாகப் பிரிந்து கிடந்த வியாபாரிகள் ஒரே மேசையில் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதற்காக வந்தது. அப்படியிருந்தும் ஆரம்பத்தில் அதன் பதவிகளை மொழிக் குழு வாரியாகத்தான் பங்கிட்டார்கள். ஹில் ஸ்திரீட்டில் இருக்கிறது அதன் கட்டடம். பீச் ரோட்டில் நான்கு தூண்களாக உயர்ந்து நிற்கும் போர் நினைவுச்சின்னம் இந்தச் சபை முன்னின்று எடுத்த வேலை. ஜப்பானியர் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் எலும்புகள் 1962 இல் கிடைத்தபோது பொறுப்பை ஏற்று, 1967 இல் அதை எழுப்பினார்கள். மாமனாரின் அண்ணன் ஒருவர் அந்தக் காலத்தில் லாரியில் ஏற்றப்பட்டுத் திரும்பி வராதவர். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாளான பிப்ரவரி 15 ஆம் தேதி, ஒவ்வொரு வருடமும் மாமனார் கடையைத் தாமதமாகத்தான் திறப்பார். அதனால் சபை மேல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மரியாதை உண்டு.

விருந்து, அறிமுகம், பெயர் அட்டை இதெல்லாம் இரண்டிலும் கிடைக்கும், விடுங்கள். தொழிலுக்கு உடனடி உதவி என்று பார்த்தால் சபைதான் மேல், சந்தேகமே இல்லை. சிறு நிறுவனங்களுக்கு ஆலோசனை, அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்க வழிகாட்டல், வெளிநாட்டுச் சந்தைப் பயணம் எல்லாம் அங்கே முறையாக நடக்கின்றன. உங்கள் தொழில் வளரும் கட்டத்தில் இருந்தால் தயங்காமல் அங்கே போங்கள். எங்கள் கடை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அதே மூன்று சப்ளையர்கள், அதே சந்தைக் கடைக்காரர்கள். மகள் இந்தத் தொழிலுக்கு வருவாள் என்று தோன்றவில்லை. சபையில் நாங்கள் இருப்பது கடையின் பெயரில். கடையை மூடுகிற அன்று அந்த உறவும் முடிந்துவிடும். சங்கத்தில் இருப்பது ஆளின் பெயரில்.

இருந்தாலும், பாசத்தை மட்டும் வைத்து நான் முடிவு செய்யவில்லை. நான் தோண்டித் தோண்டிப் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தை: இந்தச் சங்கம் இன்னும் 30 வருடம் இருக்குமா? புதிதாகச் சேர்கிறவர்கள் குறைவு. செயற்குழுவில் 60 வயதுக்குக் கீழே இருந்தால் இளைஞர் என்கிறார்கள். சந்தாவை நம்பி ஓடும் சங்கம் ஆள் குறைந்தால் படுத்துவிடும். சொத்து இருக்கிற சங்கம் படுக்காது.

எங்கள் சங்கத்துக்குக் கேலாங்கில் ஒரு கடைவீடு இருக்கிறது. கீழே சாப்பாட்டுக் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மரப்படி ஏறி மேலே போனால் முன்னாள் தலைவர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக இருக்கும். அதற்கு அடுத்து மூதாதையர் பெயர்ப்பலகைகள், ஊதுவத்திச் சாம்பல் நிரம்பிய வெண்கலச் சட்டி. ஜன்னலோரத்தில் பச்சைத் துணி போட்ட மாஜோங் மேசை. கடைசி மூன்று ஆண்டுக் கணக்கைக் கேட்டேன். செயலாளர், கணவர் 'ஆ பேக்' என்று கூப்பிடும் பெரியவர், எந்தக் கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். வரவில் பெரிய வரி வாடகை. சந்தா மிகச் சிறியது. செலவில் கல்வி உதவித்தொகை, வசந்த வழிபாடு, இலையுதிர் வழிபாடு, மூத்தோருக்குப் புத்தாண்டு அங்பாவ் (சிவப்பு உறையில் வைத்த அன்பளிப்புப் பணம்), கூரை பழுதுபார்ப்பு. உறுப்பினர் ஒருவர்கூடச் சந்தா கட்டாவிட்டாலும் உதவித்தொகை நிற்காது என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்த கேள்வியை இந்தத் துறையில் இல்லாதவர்கள் பெரும்பாலும் கேட்க மறந்துவிடுகிறார்கள். கட்டடம் யார் பெயரில் இருக்கிறது? சிங்கப்பூரில் சங்கமாக மட்டும் பதிவான அமைப்பு தன் பெயரில் நிலம் வைத்துக்கொள்ள முடியாது. அறங்காவலர்கள் பெயரில்தான் இருக்கும். அவர்கள் ஒவ்வொருவராகக் காலமாகி, புது ஆளை நியமிக்காமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? எங்களுக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் இருந்த அறங்காவலர்களில் கடைசி ஆளும் போன பிறகு, அவருடைய வாரிசுகளைத் தேடிக் கையெழுத்து வாங்க வழக்கறிஞருக்குக் கொட்டிக் கொடுத்தார்கள். ஆகவே சேரும் முன் அறங்காவலர்களின் பெயர்களையும் வயதையும் கேளுங்கள். கடைசி நியமனப் பத்திரம் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று கேளுங்கள். நிலம் நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா என்று கேளுங்கள். குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மிச்சம் என்றும் கேட்டுவிடுங்கள்.

பெரிய இடங்களிலேயே இந்தத் தகராறு நடந்திருக்கிறது. தியோச்சூ மொழிக் குழுவினரின் நீ ஆன் கொங்சியை 1845 இல் சியா யூ சின் என்ற கம்பீர் (தோல் பதனிட உதவும் செடிச் சாறு), மிளகு வியாபாரி மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். ஆர்ச்சர்ட் ரோட்டில் இடுகாட்டுக்காக நிலம் இருந்தது. நிர்வாகம் தலைமுறை தலைமுறையாக அந்த ஒரே குடும்பத்தின் கையில் இருந்துவிட்டது. 1920களின் கடைசியில் லிம் நீ சூன் முதலானோர் 'கணக்கைக் காட்டுங்கள்' என்று எழுந்தார்கள். யீஷூன் வட்டாரம் இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1929 இல் அவர்கள் தியோச்சூ பொயிட் இப் ஹுவே குவானைத் தனியாகத் தொடங்கினார்கள். 1933 இல் நீ ஆன் கொங்சிக்கென்றே ஒரு சட்டம் வந்து, சொத்து சமூகத்தின் பெயரில் நின்றது. அந்தப் பழைய இடுகாட்டு நிலத்தில்தான் 1993 இல் திறந்த நீ ஆன் சிட்டி நிற்கிறது. அதே கொங்சி 1963 இல் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி. அன்று கணக்குக் கேட்க ஆள் இல்லாமல் போயிருந்தால் அந்த நிலத்தின் கதி என்னவாகியிருக்கும் என்று அந்தக் கட்டடத்தில் உள்ள தக்காஷிமாயா கடை வாசலில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் சங்கத்தில் நான்கு அறங்காவலர்கள். இருவர் 80ஐத் தாண்டியவர்கள். அது எனக்கு நெருடியது. "இந்த ஆண்டுக்குள் இரண்டு இளையவர்களை நியமித்துப் பத்திரம் எழுதினால் கணவர் செயற்குழுவுக்கு வருவார்" என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள், எழுதியும் விட்டார்கள்.

மற்ற வழிகளைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. சீனாவிலிருந்து அண்மையில் வந்தவர்களுக்கென்று தியான் ஃபூ, ஹுவா யுவான் போன்ற சங்கங்கள் 2000ஐ ஒட்டித் தோன்றின. அவர்கள் விழா ஒன்றுக்குப் போயிருக்கிறேன். சுறுசுறுப்பும் இளமையும் அங்கேதான். பேச்செல்லாம் மாண்டரின், என் மாமியாரின் ஹொக்கியன் அங்கே செல்லாது. தொழில்முறை அமைப்புகளை நாத்தனார் வழியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் கலிஃபோர்னியாவில் பொறியாளர். அமெரிக்காவில் படித்த சீனப் பொறியாளர்கள் 1917 இலேயே நியூயார்க்கில் தங்களுக்கு ஒரு கழகம் அமைத்தார்கள். பழைய ஊர்ச் சங்கங்களின் கூட்டமைப்பு 1882 முதல் சான்ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிறது. நாத்தனார் இரண்டாவதன் வாசலை மிதித்ததே இல்லையாம். வேலை மாறும்போது உதவியது பொறியாளர் நண்பர்கள்தான் என்கிறார். 20 வயதில் தனியாக ஒரு நாட்டில் இறங்கியவருக்கு அதுதான் சரியாக இருக்கும்.

சங்கத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்காது. அறிவிப்பு முழுக்கச் சீனத்தில் வரும். மகளோ நானோ படிக்க முடியாது. எங்கள் சங்கம் மருமகள்களைச் சேர்த்துக்கொள்கிறது, எல்லா இடத்திலும் அப்படியில்லை என்பதால் விதிமுறையைப் பார்த்துவிடுங்கள்.

மாமனாரின் உடலை அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஐந்து நாள் வைத்திருந்தோம். முதல் நாள் மாலையே சங்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். இரங்கல் எழுத்துகள் ஒட்டிய கம்பளியை அவர்களே ஏணி போட்டு ஏறிக் கட்டினார்கள். 'வெள்ளைக் காசு' என்னும் இரங்கல் பண உறையை மாமியாரின் கையில் கொடுத்துவிட்டு, விடியும் வரை வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

என் சம்பளத்தில் மாதாமாதம் இந்தியர்களுக்கான உதவி அமைப்பான சிண்டாவுக்குப் பிடிக்கிறார்கள். கணவர் சம்பளத்தில், குலமரபுச் சங்கங்களின் சம்மேளனமும் வர்த்தக சபையும் சேர்ந்து 1992 இல் அமைத்த சீனர் உதவி மன்றத்துக்கு. மகளுக்கு இரண்டில் எது என்று யாரும் கேட்டதில்லை. போன மாதம் சங்கத்தின் கல்வி உதவித்தொகைப் படிவத்தை நிரப்பும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. தாய்மொழி மதிப்பெண் என்ற கட்டத்தில் சீனம் என்று அச்சடித்திருந்தார்கள். அவள் பள்ளியில் படிப்பது தமிழ். செயலாளர் ஆ பேக்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தமிழ் மார்க் எவ்வளவு?" என்றார். சொன்னேன். "நல்ல மார்க். சீனத்தை அடிச்சிட்டு அதையே போடும்மா. அடுத்த வருஷம் படிவத்தை மாத்தி அச்சடிக்கச் சொல்றேன்" என்றார்.